வெண்புள்ளியும் பிறவி நிறமின்மையும்: சிகிச்சையில் எது நடக்கும், எது நடக்காது? பினாங்கு வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

ஜூன் மாதத்தில் தோலின் நிறத்தோடு தொடர்புடைய இரண்டு நாட்கள் வருகின்றன. ஜூன் 13 அனைத்துலக அல்பினிசம் விழிப்புணர்வு நாள். 2014 டிசம்பரில் ஐநா பொதுச்சபை இதை அறிவித்தது. ஜூன் 25 உலக விட்டிலிகோ நாள்; 2011 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. 2009-இல் மைக்கல் ஜாக்சன் இறந்த தேதி என்பதால்தான் அந்த நாள் தேர்வானது. தனக்கு விட்டிலிகோ இருப்பதை அவர் 1993-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று வருடம் கழித்து கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அவர் பாடியபோதும், "ஆள் வெள்ளையாகணும்னு என்னமோ பண்ணிக்கிட்டார்" என்ற பேச்சு ஓயவில்லை.

இந்த இரண்டையும் நம்மில் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கூடவே தொழுநோய், தேமல், ஒவ்வாமை எல்லாம் ஒரே மூட்டையில் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் குழப்பத்தால் வீணாவது காலம். வெண்புள்ளிக்கு இன்று பலன் தரும் சிகிச்சை உண்டு. ஆனால் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

இரண்டும் ஒன்றா?

இல்லை. நம் தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் கொடுப்பது மெலனின். அதைத் தயாரிப்பவை மெலனோசைட் எனும் செல்கள்.

அல்பினிசத்தில் இந்தச் செல்கள் இருக்கும். ஆனால் மெலனினைத் தயாரிக்கும் வேலை பிறவியிலேயே முழுதாகவோ பாதியாகவோ நடக்காது. காரணம் மரபணு. தாய், தந்தை இருவரும் அந்த மாற்றத்தைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு வர 25 சதவிகித வாய்ப்பு. பெற்றோர் இருவருக்கும் எந்த அறிகுறியும் இருக்காது என்பதால் குடும்பம் திகைத்துப்போகும். "யார் பக்கத்து ரத்தம்?" என்ற சண்டையும் வரும். பதில்: இரண்டு பக்கமும்தான்.

விட்டிலிகோ எனும் வெண்புள்ளி வேறு கதை. இங்கே செல்கள் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தன. பிறகு உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அவற்றை எதிரி என்று நினைத்து அழிக்கிறது. அழிந்த இடம் பால் வெள்ளையாக மாறுகிறது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 20 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் முழுப் பங்கு இல்லை. அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 23 சதவிகிதம்தான் என்று ஓர் ஆய்வு காட்டியது.

உலக மக்களில் 0.5 முதல் 2 சதவிகிதம் வரை விட்டிலிகோ உள்ளவர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. பினாங்கின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 1.74 மில்லியன். மிகக் குறைந்த 0.5 சதவிகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால்கூட 8,700 பேர் வருகிறார்கள். இது வெறும் கணக்குதான், நேரடியாக எண்ணிப் பார்த்ததல்ல. ஆனாலும் உங்கள் தாமானில், உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கலாம் என்பதற்கு இது போதும்.

பெயரிலேயே ஒரு பிரச்சினை

நம் பாட்டிமார் இதை "வெண்குஷ்டம்" என்பார்கள். குஷ்டம் என்றால் தொழுநோய். மலாய் மொழியிலும் தொழுநோய் "குஸ்தா"தான். இரண்டு சொல்லும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. ஆனால் மலாயில் விட்டிலிகோவுக்கு "சோப்பாக்" என்று தனிச்சொல் இருக்கிறது. அல்பினிசத்துக்கு "பாலார்". பெயரளவில் அவர்கள் பிரித்து வைத்திருப்பதை நாம் கலந்து வைத்திருக்கிறோம்.

பினாங்கில் அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. தீவின் கிழக்குக் கரைக்கு எதிரே தெரிகிற ஜெரெஜாக் தீவில்தான் 19-ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய்த் தனியாக வைத்தார்கள். குடும்பத்தைவிட்டு, ஊரைவிட்டு அனுப்புவது என்பது அன்று நிஜமாக நடந்த விஷயம். அந்தப் பயம் தலைமுறை தாண்டி ஒரு சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை எதிர்த்து இயக்கமே நடந்தது. அதன் பிறகு "வெண்புள்ளிகள்" என்றே குறிப்பிட வேண்டும் என அந்த மாநில அரசு ஆணையிட்டது.

விட்டிலிகோ தொற்றாது. தொட்டால், கட்டிப்பிடித்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தொழுநோயும்கூட இன்று கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகிற நோய்தான்.

ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் என்ன செய்வது?

முதலில் பதற வேண்டாம். எல்லா வெள்ளைத் திட்டும் விட்டிலிகோ இல்லை. நம் ஊர் வெக்கையில், வேர்வையில் முதுகிலும் மார்பிலும் வருகிற தேமல் ஒரு பூஞ்சைத் தொற்று. லேசாகச் செதில் உதிரும், மருந்து பூசினால் போய்விடும். சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் மங்கலான திட்டுகள் பெரும்பாலும் வறட்சி, எக்ஸிமா சார்ந்தவை.

விட்டிலிகோ திட்டு சுண்ணாம்பு பூசியது போலப் பளிச்சென்று இருக்கும். செதில் இருக்காது, வலி இருக்காது. தொட்டால் உணர்ச்சி சாதாரணமாக இருக்கும். நிறம் மங்கிய இடத்தில் தொடு உணர்ச்சியே குறைந்திருந்தால் அது வேறு. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தோல் நிபுணர் வுட் விளக்கு எனும் ஒரு கருநீல விளக்கை இருட்டறையில் காட்டிப் பார்ப்பார். விட்டிலிகோ இடங்கள் அதில் பளீரென ஒளிரும். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லலாம். விட்டிலிகோ உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதே காரணம்.

பினாங்கில் வழி எளிது. அருகிலுள்ள அரசு கிளினிக் கெசிஹாத்தானுக்கு முதலில் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஜார்ஜ்டவுன் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். அரசு கடிதத்தோடு நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தனியார் கிளினிக் கடிதம் என்றால் கொஞ்சம் கூடும். அப்பாய்ன்மெண்ட் கிடைக்கும்வரை சும்மா இருக்காமல், திட்டுகளை மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் போனில் படமெடுத்து வையுங்கள். பரவுகிறதா, நின்றுவிட்டதா என்பதை முடிவுசெய்ய மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

விட்டிலிகோ சிகிச்சைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்குவது. இரண்டு, மிச்சமிருக்கும் நிறச் செல்களைத் தூண்டி, வெறுமையான இடத்துக்கு வரவைப்பது.

முதல் வேலைக்கு ஸ்டெராய்டு களிம்பு, அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு. முகம், கண் இமை போன்ற மெல்லிய தோலுக்கு டாக்ரோலிமஸையே மருத்துவர்கள் அதிகம் விரும்புகிறார்கள், ஏனென்றால் ஸ்டெராய்டை நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்துவிடும். திட்டுகள் வேகமாகப் பரவினால் குறைந்த காலத்துக்கு மாத்திரையும் கொடுப்பார்கள்.

இரண்டாவது வேலைக்கு ஒளி சிகிச்சை. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள நாரோபேண்ட் யூவிபி கதிரை, கண்ணாடி அணிந்துகொண்டு ஒரு பெட்டிக்குள் நின்று, சில வினாடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை வாங்க வேண்டும். வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். முழுச் சிகிச்சை ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீளும்.

நிறம் திரும்பும்போது முதலில் முடிக்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். முடியின் வேரில் நிறச் செல்களின் சேமிப்பு இருப்பதே காரணம். இதை வைத்தே எந்த இடம் தேறும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். முகமும் கழுத்தும் நன்றாகத் தேறும். விரல் நுனி, உதடு, பாதம் போன்ற முடியில்லாத இடங்கள் கடினம். திட்டுக்குள் இருக்கும் முடியும் நரைத்துவிட்டால் அங்கே சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட இடங்களில், நோய் குறைந்தது ஒரு வருடமாவது பரவாமல் நின்றிருந்தால், அறுவை சிகிச்சை யோசிக்கலாம். உங்கள் உடலின் நல்ல பகுதியிலிருந்து மெல்லிய தோலையோ செல்களையோ எடுத்து வெள்ளை இடத்தில் பதிப்பார்கள். பரவிக்கொண்டிருக்கும்போது செய்தால் தோல் எடுத்த இடமும் வெள்ளையாகிவிடலாம்.

புது மருந்து வந்திருக்காமே?

ஆமாம். ருக்சோலிட்டினிப் எனும் களிம்பை 2022 ஜூலையில் அமெரிக்க மருந்து ஆணையமும், 2023-இல் ஐரோப்பிய ஒன்றியமும் 12 வயதுக்கு மேற்பட்டோரின் விட்டிலிகோவுக்கு அங்கீகரித்தன. நிறம் திரும்பவைப்பதற்கென்றே அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து இது. சோதனைகளில், 24 வாரத்தில் சுமார் 30 சதவிகிதம் பேருக்கு முகத்தில் முக்கால்வாசி நிறம் திரும்பியது. ஒரு வருடத்தில் அது ஏறக்குறைய பாதிப் பேர்.

இந்த எண்ணைத் திருப்பிப் படியுங்கள்: ஒரு வருடம் பூசியும் மீதிப் பாதிப் பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் அறிமுகமானபோது 60 கிராம் டியூபின் பட்டியல் விலை ஏறக்குறைய 2,000 டாலர். நல்ல செய்திதான், மந்திரம் இல்லை. இதே பெயரில் ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதை நிபுணரிடம் கேட்காமல் வாங்கிப் பூசாதீர்கள்.

அப்படியானால் ஏன் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். வாரம் இரண்டு தடவை ஒளி சிகிச்சை என்றால் ஆறு மாதத்தில் 52 தடவை. வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் மருத்துவ விடுப்பு வருடத்துக்கு 14 நாள். ஐந்து வருடம் தாண்டினாலும் 22 நாள்தான். போய்வர அரை நாள் ஆகும் சிகிச்சைக்கு எம்சி கிடைக்காது. பெரும்பாலும் டைம் சிலிப்தான். நிபோங் திபாலிலிருந்து பாலம் தாண்டி வருகிற ஒரு தொழிற்சாலை ஷிஃப்டுத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை நிமிடக்கணக்கில் முடிந்துவிடும். பயணமும் காத்திருப்பும் சூப்பர்வைசரின் முகமும்தான் அவரை நிறுத்தவைக்கின்றன.

இங்கே செலவு என்பது பணத்தைவிட நேரம். அதனால் "மருந்து இருக்கிறதா?" என்ற கேள்வியோடு, "மாலை ஆறு மணிக்கு மேல் ஒளி சிகிச்சை கிடைக்குமா, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்குமா?" என்ற கேள்வியும் முக்கியம். வீட்டிலேயே கையடக்கக் கருவியால் சிகிச்சை எடுப்பதை பிரிட்டனில் 517 பேரிடம் சோதித்தார்கள். ஸ்டெராய்டு களிம்பு மட்டும் பூசியவர்களில் 17 சதவிகிதம் பேருக்கு 9 மாதத்தில் நல்ல பலன். களிம்போடு வீட்டு ஒளிக்கருவியும் சேர்த்தவர்களில் 27 சதவிகிதம். பெரிய தாவல் இல்லை என்றாலும், மருத்துவமனைக்கு அலையாமல் கிடைத்தது. இப்படிப்பட்ட கருவியை மருத்துவர் கண்காணிப்பில், அளவு தெரிந்து மட்டுமே பயன்படுத்த வேண்டும். தவறினால் தோல் வெந்துவிடும்.

நாட்டு மருந்து?

லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் கார்போகரிசி கேட்டு வாங்கி அரைத்துப் பூசுவது நம் குடும்பங்களில் பழைய பழக்கம். அதில் விஷயமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த விதையில் சொராலன் எனும் வேதிப்பொருள் இருக்கிறது. அது தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். 1940-களில் எகிப்தில் வேறொரு செடியிலிருந்து இதே வகைப் பொருளைப் பிரித்தெடுத்துத்தான் நவீன ஒளி சிகிச்சையே தொடங்கியது.

ஆனால் மருத்துவமனையில் மருந்தும் கதிரும் அளந்து கொடுக்கப்படும். வீட்டில் அரைத்த விழுதுக்கு அளவு கிடையாது, பினாங்கு உச்சி வெயிலுக்கும் அளவு கிடையாது. கொப்பளித்துப் புண்ணாகும். அந்தக் காயமே புதிய வெள்ளைத் திட்டைக் கிளப்பலாம், ஏனென்றால் விட்டிலிகோ உள்ளவர்களுக்கு அடிபட்ட, உரசிய இடத்தில் திட்டு வருவது சகஜம்.

மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் வரும், புளிப்பு ஆகாது என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. அசாம் லக்சாவை விட்டுவிடத் தேவையில்லை.

"15 நாளில் முழுக் குணம்" என்று ஃபேஸ்புக்கில் வரும் விளம்பரங்களைப் பார்த்தால் மூன்று விஷயம் கவனியுங்கள். மலேசியாவில் பதிவான மருந்துக்கு, பாரம்பரிய மருந்தானாலும், மால் எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். மருந்து விளம்பரத்துக்கு கேகேஎல்ஐயூ அனுமதி எண் வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் விளம்பரம் என்றால், வெண்புள்ளியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை அந்த நாட்டின் 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது.

பொட்டு, செருப்பு, முகக் கிரீம்

நம் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்தில் வட்டமாக வெள்ளை விழுவது இந்திய மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளது. பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வகை பீனால் வேதிப்பொருள் நிறச் செல்களைக் கொல்வதே காரணம். ரப்பர் செருப்பின் வார், சில ஹேர் டை ஆகியவற்றாலும் இப்படி வரும். முதல் அறிகுறியிலேயே நிறுத்தினால் பலருக்கு நிறம் திரும்பும்.

முகத்தை வெளுக்கவைக்கும் கிரீம்களிலும் ஆபத்து உண்டு. ஜப்பானின் கனேபோ நிறுவனம் 2013-இல் ரோடோடெனால் கலந்த தன் பொருள்களைத் திரும்பப் பெற்றது. பயன்படுத்திய ஆயிரக்கணக்கானோருக்கு வெள்ளைத் திட்டு வந்திருந்தது. பெயர்பெற்ற நிறுவனத்துக்கே இப்படியென்றால், லேபிள் இல்லாத டப்பாவில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம்களை எதிர்த்து, ஜார்ஜ்டவுனில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல காலமாகக் குரல் கொடுத்து வருகிறது. திட்டுக்கும் மற்ற தோலுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் குறைக்கலாம் என்று சிலர் இந்தக் கிரீம்களைப் பூசுகிறார்கள். அது கையில் கிடைத்ததை வைத்துச் செய்யும் வேலை இல்லை.

அல்பினிசத்துக்கு என்ன செய்யலாம்?

நேராகச் சொல்வதென்றால், நிறத்தைக் கொண்டுவரும் சிகிச்சை இன்று இல்லை. அப்படிச் சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார். ஆனால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் முதலிடம் தோலுக்கு இல்லை, கண்ணுக்கு.

மெலனின் இல்லாவிட்டால் கரு வளரும்போதே விழித்திரையின் மையம் சரியாக உருவாகாது. அதனால் கண்கள் தானாக ஆடும், வெளிச்சம் கூசும், பார்வை குறைவாக இருக்கும். கண்ணாடி போட்டாலும் முழுதாகச் சரியாகாது. "கண்ணாடிதான் போட்டாச்சே, ஏன் போர்டுல இருக்கறது தெரியல?" என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை. முன் வரிசை, பெரிய எழுத்து, பூதக்கண்ணாடி, டேப்லெட்டில் பாடம்: இவ்வளவுதான் தேவை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. காலை வெயிலில் நடக்கும் பெர்ஹிம்புனானில் இந்தப் பிள்ளை தொப்பி போட அனுமதிப்பது, உடற்கல்வி வகுப்பை நிழலில் வைப்பது எல்லாம் எந்தச் செலவும் இல்லாத சிகிச்சைகள்.

நல்ல கண்ணில் கண்ணாடியோடு பார்வை 6/18-ஐவிட மோசமாக இருந்தால், சமூகநல இலாகாவில் ஓகேயூ அட்டைக்குப் பார்வைப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். கண் நிபுணரின் உறுதிக் கடிதம் வேண்டும். பாகான் ஜெர்மாலில் உள்ள, 1926-இல் தொடங்கப்பட்ட செயின்ட் நிக்கோலஸ் இல்லம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பயிற்சிகளில் நீண்ட அனுபவம் கொண்டது.

அடுத்தது தோல். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கே. மேகமூட்டமான நாளிலும் புற ஊதாக் கதிர் கடுமைதான். அல்பினிசம் உள்ளவருக்குத் தோல் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், வருடம் ஒரு முறை தோல் பரிசோதனை ஆகிய எதையும் அழகுச் செலவு என்று நினைக்கக் கூடாது. உயிர் காக்கும் செலவு. ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள். பிள்ளைக்கு அடிக்கடி ரத்தக்கட்டு வந்தாலும் மூக்கில் ரத்தம் வந்தாலும் சொல்லுங்கள். அல்பினிசத்தின் சில அரிய வகைகளில் ரத்தம் உறைவதிலும் சிக்கல் உண்டு.

சிகிச்சை வேண்டாம் என்றால்?

அதுவும் ஒரு முடிவுதான். விட்டிலிகோ உயிரைப் பறிக்கும் நோய் இல்லை. கனடாவின் வின்னி ஹார்லோ தன் திட்டுகளோடுதான் உலக மாடலானார். மேக்கப்பால் மறைப்பது, அப்படியே விடுவது, மருந்து பூசுவது எல்லாமே உங்கள் உரிமை. ஆனால் வெள்ளைத் திட்டு வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் சன்ஸ்கிரீன் மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

வருத்தம், தூக்கமின்மை, வெளியே போகவே பிடிக்காத மனநிலை இருந்தால் அதையும் தோல் மருத்துவரிடமே சொல்லுங்கள். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கவலைப்படுகிற வீடுகளுக்கு மருத்துவம் தரும் பதில் சுருக்கமானது: தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை, பிள்ளைகளுக்கு வராமலிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிகிச்சை எடுப்பதாக முடிவு செய்தால், தள்ளிப்போடாதீர்கள். புதுத் திட்டு பழைய திட்டைவிட எளிதாகத் தேறும். உறவினர் சொன்ன எண்ணெயைப் பூசி ஆறு மாதம் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று நினைத்தால், நிறச் செல்களின் சேமிப்பு அதற்குள் தீர்ந்திருக்கலாம். இந்த வாரமே கிளினிக்கில் ஒரு நம்பர் எடுங்கள்.